மரமும் ஃபைபர்கிளாஸும் சேர்த்து வீட்டிலேயே ஒரு நீள்வில்: முதல் முறை செய்பவர்களுக்கு

ஒரே மரத்துண்டில் செதுக்குகிற வில்லில், தவறைப் போகப் போகத் திருத்திக்கொள்ளலாம். இங்கே கொஞ்சம் சீவி, அங்கே கொஞ்சம் விட்டு, கடைசிவரை மரம் நமக்கு இடம் கொடுக்கும். மரத்தகடுகளையும் ஃபைபர்கிளாஸ் தகடுகளையும் அடுக்கி ஒட்டிச் செய்கிற வில் அப்படியில்லை. பசை இறுகிவிட்டால் வில்லின் கனத்தில், அதாவது தடிமனில், கை வைக்க முடியாது. பக்கவாட்டில் மட்டும்தான் குறைக்கலாம். ஆகவே வேலையில் முக்கால் பங்கு பசை டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதனால் இங்கே தயாரிப்புக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நான் இருப்பது கனடாவில், ஒன்டாரியோவில். பட்டறை என்று தனியாக எதுவும் இல்லை. கராஜில் ஒரு மேசை, ஒரு சின்ன பேண்ட்சா (பட்டை ரம்பம்), ஒரு பெல்ட் சாண்டர் (உப்புத்தாள் பட்டை ஓடுகிற இயந்திரம்), ஏராளமான கிளாம்ப்கள் (இறுக்கிப் பிடிக்கிற பிடிகள்). இவ்வளவு போதும்.

ஏன் இரண்டு பக்கமும் ஃபைபர்கிளாஸ்?

வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கிற பக்கம் நீள்கிறது, நம்மைப் பார்க்கிற பக்கம் நசுங்குகிறது. முதல் பக்கத்தை முதுகு என்றும் இரண்டாவதை வயிறு என்றும் சொல்வோம். பழைய ஆங்கிலேய நீள்வில்லுக்கு யூ மரம் கொண்டாடப்பட்டதற்குக் காரணம், அந்த மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதி இழுவிசையை நன்றாகத் தாங்கும், உள்வைரம் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும் என்பதுதான். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர வில்கள் கிடைத்திருக்கின்றன. இயற்கையே இரண்டு பொருளை ஒட்டிக் கொடுத்த மாதிரியான மரம் அது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில், அமெரிக்காவில் ஃப்ரெட் பேர் போன்ற வில் தயாரிப்பாளர்கள் ஃபைபர்கிளாஸுக்கு வந்தார்கள். இழைகள் எல்லாம் ஒரே திசையில், வில்லின் நீளவாக்கில் ஓடுகிற தகடு அது. முதுகிலும் வயிற்றிலும் அதை ஒட்டினால் இழுவிசையையும் அழுத்தத்தையும் பெரும்பாலும் அதுவே ஏற்றுக்கொள்ளும். நடுவில் இருக்கிற மரத்தின் வேலை, அந்த இரண்டு தகடுகளையும் விலக்கிப் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்று நழுவாமல் பார்த்துக்கொள்வது. இரும்பு உத்திரத்தில் மேல் தட்டும் கீழ்த் தட்டும் நடுத் தண்டும் செய்கிற வேலையேதான். நழுவவிடாமல் பிடிக்கிற பொறுப்பு பசைக்கும் உண்டு. இந்த வில்லில் பசைக்கோடு உடம்பின் ஒரு உறுப்பு. அதை அலட்சியப்படுத்தினால் வில் இரண்டாகப் பிரியும்.

எந்த வடிவம்?

முதல் வில்லுக்கு 66 முதல் 68 அங்குல நீளம், நேரான அல்லது மிக லேசான வளைவு கொண்ட வடிவம், 28 அங்குல இழுப்பில் 40 முதல் 45 பவுண்டு பலம் (நாணை அவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டிய விசை). இதைத் தாண்டாதீர்கள். முனைகள் முன்னோக்கிப் பெரிதாக வளைந்த வடிவங்கள் அம்பை வேகமாகத் தள்ளும் என்பது உண்மை. ஆனால் ஒட்டும்போது தகடு அரை மில்லிமீட்டர் கோணினாலும் அவை முறுக்கிக்கொள்ளும். நேரான நீள்வில் நிறைய மன்னிக்கும். அமெரிக்காவின் புகழ்பெற்ற வில்லாளி ஹோவர்ட் ஹில் (1899–1975) மூங்கில் தகடு வைத்த நேரான நீள்வில்லைத்தான் பெரிதும் நம்பினார். யானையைக்கூட அப்படிப்பட்ட வில்லால் வேட்டையாடியவர் அவர்.

பொருள்கள்

ஃபைபர்கிளாஸை வில்லுக்கென்றே செய்யப்பட்டதாக வாங்குங்கள். படகு ஒட்டுகிற துணி வகை இதற்கு ஆகாது. 0.040 அங்குலக் கனம், 1.5 அங்குல அகலம். முதுகுக்கு 72 அங்குல நீளத்தில் ஒன்று, வயிற்றுக்கு 36 அங்குலத்தில் இரண்டு. ஒரு பக்கம் சொரசொரப்பாக உரசப்பட்டிருக்கும். பசை பூச வேண்டிய பக்கம் அது. கறுப்பு, பழுப்பு நிறங்களிலும் கிடைக்கும், ஒளி ஊடுருவுகிற வகையும் கிடைக்கும். நிறத் தகடு ஒட்டுவேலையின் குறைகளை மறைத்துவிடும் என்று சிலர் புதியவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பார்கள். நான் மாறாகச் சொல்வேன்: ஒளி ஊடுருவுவதையே வாங்குங்கள். பசையில் காற்றுக்குமிழி எங்கே நின்றது, எங்கே பசை போதவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தால்தான் அடுத்த வில் நன்றாக வரும்.

நடு மரத்துக்கு மேப்பிள் அல்லது மூங்கில். நேரான ரேகை, முடிச்சு இல்லாமை, நன்றாகக் காய்ந்திருத்தல் ஆகிய மூன்றும் மரத்தின் பெயரைவிட முக்கியம். கைப்பிடிக்கு அழுத்தமான ஒரு கட்டை: சுமார் 16 அங்குல நீளம், ஒன்றே முக்கால் அங்குல உயரம். வால்நட்டும் மேப்பிளும் பிரச்சினை தராதவை. ரோஸ்வுட் போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரங்கள் பார்க்க அழகு, ஆனால் ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் நன்றாகத் துடைக்க வேண்டும். முதல் வில்லில் வேண்டாமே.

பசை எபாக்ஸி, இரண்டு பாகங்களைக் கலந்ததும் இறுகுகிற வகை. வில் செய்பவர்களிடம் அதிகம் புழங்குவது ஸ்மூத்-ஆன் நிறுவனத்தின் ஈஏ-40. ஐந்து நிமிடத்தில் இறுகுகிற கடை எபாக்ஸியைத் தொடாதீர்கள்; உங்களுக்கு நிதானமாக வேலை செய்ய நேரம் வேண்டும்.

கனம்: எல்லாம் இதில்தான்

ஒரு வில்லின் பலம் அகலத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். அகலம் பத்து சதவீதம் குறைந்தால் பலமும் ஏறக்குறைய பத்து சதவீதம் குறையும். கனம் அப்படியல்ல, பலம் கனத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறும். உதாரணத்துக்கு, தகடுகள் எல்லாம் சேர்ந்து 0.350 அங்குலக் கனம் உள்ள ஒரு வில் 45 பவுண்டு என்று வையுங்கள். அதில் 0.010 அங்குலம் கூடினால், அதாவது கால் மில்லிமீட்டர், பலம் 49 பவுண்டுக்குப் போய்விடும். இரண்டு மூன்று காகிதத்தின் கனம் உங்கள் வில்லை வேறு வில்லாக்கிவிடுகிறது. அதனால் டேப் வைத்து அளக்கிற பேச்சே இங்கே இல்லை. 0.001 அங்குலம் காட்டுகிற காலிப்பர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். ஒவ்வொரு தகட்டையும் நான்கு அங்குலத்துக்கு ஓரிடத்தில் அளந்து, அந்த எண்ணைத் தகட்டின் விளிம்பிலேயே பென்சிலால் எழுதுங்கள். இரண்டு ஓரங்களும் ஒரே கனமா என்றும் பாருங்கள். ஒரு ஓரம் தடித்திருந்தால் வில் முறுக்கும்.

தகடு கைப்பிடியிலிருந்து முனை நோக்கி மெலிந்துகொண்டே போக வேண்டும். நீள்வில்லில் வழக்கமான கணக்கு, எல்லாத் தகடுகளையும் சேர்த்து ஒரு அங்குல நீளத்துக்கு 0.002 அங்குலம். 36 அங்குலத் தகட்டில் இது 0.072 ஆகும். நான் இதை வில்லின் ஒவ்வொரு பாதியிலும் இரண்டு தகடுகளுக்குப் பிரித்துக்கொள்வேன்: கைப்பிடிக் கட்டைக்கு முதுகுப் பக்கம் ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று, ஒவ்வொன்றும் 0.001 வீதம் மெலியும்படி. டிரம் சாண்டர் (உப்புத்தாள் சுற்றிய உருளையால் உரசுகிற இயந்திரம்) இருந்தால், சரிவாகச் சீவிய தாங்குபலகையின்மேல் தகட்டை வைத்து ஓட்டினால் சரிவு தானாக வரும். இல்லையென்றால் அளவுப்படி உரசிய தகடுகளை விலைக்கு வாங்குங்கள். முதல் வில்லுக்கு நான் அதைத்தான் சொல்வேன். இழைப்புளியால் இந்தத் துல்லியத்தைக் கொண்டுவருவது பெரிய தச்சருக்கே கஷ்டம்.

மொத்தக் கனம் எவ்வளவு வைப்பது என்பது வடிவத்தைப் பொறுத்தது. தகடு விற்பவர்களிடம் அந்தந்த வடிவத்துக்கு அட்டவணை இருக்கும். நீங்கள் செய்கிற அதே நீளம், அதே வடிவத்துக்கான எண்ணை எடுங்கள். வேறு வடிவத்தின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். வேண்டிய பலத்தைவிட ஐந்து பவுண்டு கூட வரும்படி வையுங்கள். பக்கவாட்டில் குறைத்து இறக்கிவிடலாம், ஏற்றத்தான் வழியில்லை.

அச்சு

மூன்று பிளைவுட் பலகைகளை ஒட்டி, 1.5 அங்குலத்துக்குக் குறையாத அகலத்தில் 74 அங்குல நீள அச்சு செய்யுங்கள். வில்லின் முதுகு அச்சின்மேல் படுக்கும். மேல்விளிம்பு சீராக இருக்கிறதா, பக்கங்களுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். அச்சில் இருக்கிற ஒவ்வொரு பள்ளமும் வில்லில் அப்படியே பதியும். கை வைத்துத் தடவினாலே தெரியும். கண்ணைவிட விரல் இதில் நம்பகமானது. நடுக்கோட்டை அழியாதபடி மேலும் பக்கத்திலும் குறித்துவிட்டு, விளிம்பு முழுக்கப் பேக்கிங் டேப் ஒட்டுங்கள். எபாக்ஸி அதில் பிடிக்காது.

கைப்பிடிக் கட்டை

கட்டையின் இரண்டு முனைகளும் சரிந்து சரிந்து ஒன்றுமில்லாமல் முடிய வேண்டும். வில்கள் அதிகம் பிரிவது இந்த இடத்தில்தான். முனை தடித்து நின்றால் வளைகிற பகுதியும் வளையாத பகுதியும் அங்கே சட்டென்று மோதிக்கொள்ளும். வெளிச்சத்தில் பிடித்தால் கடைசிக் கால் அங்குலத்தில் ஒளி ஊடுருவ வேண்டும். அவ்வளவு மெல்லிசாக, காகிதம் போல. உடையாமலிருக்க அடியில் ஒரு சப்பைப் பலகையை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி உரசுங்கள். சரிவு நிதானமான வளைவாக இருக்கட்டும். அதன்மேல் ஏறப்போகிற தகட்டைக் கையால் அழுத்திப் பார்த்தால் எங்கும் இடைவெளி தெரியக்கூடாது.

ஒத்திகை

பசை இல்லாமல் எல்லாவற்றையும் அடுக்கி, கிளாம்ப் போட்டு, முழுதாக ஒருமுறை செய்து பாருங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பாதி வழியில் கிளாம்பைத் தேடி ஓடுகிறார்கள்.

அடுக்கு வரிசை கீழிருந்து மேலாக இப்படி: அச்சின்மேல் பிளாஸ்டிக் தாள், முதுகு ஃபைபர்கிளாஸ், சொரசொரப்பு மேல்நோக்கி, முதுகுப் பக்க மரத்தகடுகள் இரண்டும் நடுக்கோட்டில் முட்டும்படி, கைப்பிடிக் கட்டை, அதன் இரண்டு சரிவுகளிலும் ஏறும்படி வயிற்றுப் பக்க மரத்தகடுகள், அவற்றின்மேல் வயிற்று ஃபைபர்கிளாஸ், சொரசொரப்பு கீழ்நோக்கி, மறுபடி பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றுக்கும் மேலே அழுத்தத்தைப் பரப்புவதற்கு ஒரு மெல்லிய பட்டை. கிளாம்ப்களை இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் போடலாம். அல்லது பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, அச்சோடு சேர்த்து இழுத்துச் சுற்றலாம். டியூப் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுத்தும். கராஜ் வேலைக்கு அதைவிட மலிவான நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஒத்திகையின்போது பக்கவாட்டில் குனிந்து, பின்னால் ஒரு விளக்கை வைத்துப் பாருங்கள். எங்காவது தகடுகளுக்கிடையே வெளிச்சம் தெரிந்தால் பசையை நம்பி விடாதீர்கள். எபாக்ஸி இடைவெளியை நிரப்பும் என்றாலும், நிரப்பப்பட்ட இடம் வில்லின் பலவீனமான இடமாகவே இருக்கும்.

பசை நாள்

இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாத நாளாகப் பாருங்கள். கூட ஒருவர் இருந்தால் பாதிச் சுமை குறையும். மரத்தகடுகளின் ஒட்டும் பரப்பை 60 அல்லது 80ஆம் எண் உப்புத்தாளால் நீளவாக்கில் ஒருமுறை தேய்த்து, தூசியை முழுக்க எடுத்துவிடுங்கள். ஃபைபர்கிளாஸின் ஒட்டும் பக்கத்தை அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால், துணியில் கறை வருவது நிற்கும் வரை துடையுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கை அந்தப் பரப்பில் படவே கூடாது. என் இரண்டாவது வில் கைப்பிடிச் சரிவுக்குப் பக்கத்தில் பிரிந்தது. பிரிந்த இடத்தில் பசை மரத்தோடு இருந்தது, ஃபைபர்கிளாஸ் பளிச்சென்று சுத்தமாக வந்துவிட்டது. துடைத்த பிறகு அந்த இடத்தைப் பிடித்துத் தூக்கியவன் நான்தான். விரலில் இருக்கிற எண்ணெய் அவ்வளவு போதும்.

கையுறையை இரண்டு ஜோடி ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமையாக மாறினால் பிறகு அது போவதில்லை. வில் வேலையையே விட வேண்டியிருக்கும்.

பசையின் இரண்டு பாகங்களையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி கலந்து, ஓரங்களைச் சுரண்டிச் சுரண்டி மூன்று நான்கு நிமிடம் கிளறுங்கள். குளிர்நாளாக இருந்தால் டப்பாக்களை முன்கூட்டியே வீட்டுக்குள் வைத்திருங்கள். குளிர்ந்த எபாக்ஸி தேன்பாகு போல நின்று, சரியாகக் கலக்காது. சேர்கிற இரண்டு முகங்களிலும் பூச வேண்டும், ஒரு முகத்தில் மட்டும் பூசினால் போதாது.

அடுக்கியதும் தகடுகள் வெண்ணெயில் நிற்பது போலப் பக்கவாட்டில் வழுக்கும். புதியவர்களைப் பதறவைக்கிற கட்டம் இதுதான். அச்சின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் சுற்றிய சிறு கட்டைகளை முன்பே பொருத்தியிருந்தால் அவை தகடுகளை வரிசையில் நிறுத்தும். அதோடு ஆறேழு இடங்களில் டேப்பால் குறுக்கே இழுத்துக் கட்டுங்கள். அழுத்தம் கொடுப்பதை நடுவில் ஆரம்பித்து, சரிவுகளைக் கடந்து, முனைகளை நோக்கிப் போங்கள். பசை ஓரத்தில் சீராகப் பிதுங்க வேண்டும், அதுதான் அளவு. முழு பலத்தையும் போட்டு முறுக்கினால் பசை எல்லாம் வெளியே வந்து உள்ளே வெறுமையாகிவிடும். எபாக்ஸிக்கு வேண்டியது சீரான அழுத்தம், அதிக அழுத்தம் தேவையில்லை.

சூடு

பிளைவுட் பெட்டி, உள்ளே அலுமினியம் ஒட்டிய தெர்மாகோல் போன்ற காப்புப் பலகை, நான்கைந்து பழைய வகைச் சூட்டு பல்புகள், ஒரு தெர்மோஸ்டாட், வில்லுக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானி. 70 முதல் 80 டிகிரி செல்சியஸில் ஐந்தாறு மணி நேரம் வைத்து, விளக்கை அணைத்து, பெட்டியைத் திறக்காமல் தானாக ஆறவிடுங்கள். பல்பு எதையும் தொடாமல் இருக்கட்டும். பெட்டிக்குள் பல்பு எரியும்போது வீட்டை விட்டுப் போகாதீர்கள்.

சூடு கொடுக்காமலும் இந்தப் பசை இறுகும். ஆனால் சூட்டில் இறுகிய எபாக்ஸிதான் பிறகு சூட்டைத் தாங்கும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை வைத்துவிட்டுப் போகிறவர்கள் நம்மிடையே உண்டு. அப்போது இந்த ஐந்து மணி நேரத்தின் அருமை தெரியும். இருந்தாலும் காருக்குள் வைக்காமல் இருப்பதே நல்லது.

வடிவம் வெட்டுதல்

அச்சிலிருந்து எடுத்ததும் ஓரத்தில் கண்ணாடி போல நிற்கிற பசை கையைக் கிழிக்கும். முதலில் அதை உரசி எடுங்கள். ஃபைபர்கிளாஸ் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. நல்ல முகமூடி, முழுக்கைச் சட்டை, முடிந்தால் வெளியில் வேலை. இதில் சமரசம் வேண்டாம்.

முதுகு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுக்கோட்டை ஒரு நூலை இழுத்துப் பிடித்துக் குறியுங்கள். கைப்பிடிச் சரிவு முடிகிற இடத்தில் ஒன்றேகால் அங்குலம், முனையில் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம் என்று கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே வெட்டி, உரசிக் கோட்டுக்கு வாருங்கள். ஃபைபர்கிளாஸ் ரம்பப் பல்லைச் சீக்கிரம் மழுக்கும், இரும்பறுக்கும் பிளேடு நீடிக்கும். விளிம்புகளை எல்லாம் லேசாக உருட்டிவிடுங்கள். கூரான விளிம்பிலிருந்துதான் இழை எழும்பும்.

முனையில் நாண் மாட்டுகிற வெட்டுக்குக் குதை என்று அழகான பழைய தமிழ்ச் சொல் இருக்கிறது. முதுகு ஃபைபர்கிளாஸின் குறுக்கே குதை வெட்டக்கூடாது, வெட்டினால் இழைகள் அறுந்துபோகும். முனையில் சிறிய கொம்பு அல்லது கடின மரத்துண்டு ஒன்றை ஒட்டி, அதில் உருண்டை அரத்தால் ராவுங்கள்.

நாணேற்றிச் சமப்படுத்துதல்

முதலில் பி-50 டேக்ரான் என்ற பாலியெஸ்டர் நூலில் செய்த நாண் போதும்; அது கொஞ்சம் நீண்டுகொடுப்பதால் முனைகளுக்கு அதிர்ச்சி குறைவு. வில்லைவிட மூன்று நான்கு அங்குலம் குறைவான நீளம். நாணேற்றிய பிறகு கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே ஆறு முதல் ஆறரை அங்குலம் இருக்கட்டும்.

சுவரில் ஒரு கட்டையை அடித்து, வில்லைக் கைப்பிடியில் தாங்கவைத்து, நாணில் கயிறு கட்டிக் கீழே ஒரு கப்பி வழியாகத் தள்ளி நின்று இழுங்கள். பத்து அங்குலம், பதினைந்து, இருபது என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இருபது முப்பது தடவை. இடையில் தொங்கு தராசை மாட்டிப் பலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மாதிரி வளைகின்றனவா என்பதைக் கொஞ்சம் தூரத்திலிருந்து பாருங்கள், ஒரு படமும் எடுத்துவையுங்கள். எந்தப் பாதி விறைப்பாக நிற்கிறதோ அதன் இரண்டு பக்கமும் சம அளவில் உரசுங்கள், ஒருமுறைக்குப் பத்துப் பதினைந்து தேய்ப்புக்கு மேல் வேண்டாம். ஒரு பாதி முறுக்கினால், குறைவாக வளைகிற விளிம்பை மட்டும் உரசினால் நேராகும். தகட்டின் முகத்தை மட்டும் தொடாதீர்கள்.

அம்புக்கு மேலே ஒரு விரலும் கீழே இரண்டு விரலும் வைத்து எய்கிறவர் என்றால், சரிவு முடிகிற இடத்தில் நாணுக்கான தூரம் மேல்பாதியில் 3 முதல் 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். விரல்களின் அழுத்தம் கீழ்பாதியில் அதிகம் விழுவதால் அது சற்று விறைப்பாக இருந்தால்தான் இரண்டும் ஒன்றாகத் திரும்பும்.

28 அங்குலத்தைத் தாண்டி இழுக்காதீர்கள். அம்பு இல்லாமல் நாணை விடவே விடாதீர்கள். அம்பு எடுத்துப்போக வேண்டிய சக்தி முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பி அதை உடைக்கும். மிக இலேசான அம்பும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்யும். வில்லின் பலத்தில் ஒரு பவுண்டுக்கு அம்பின் எடை 9 கிரெய்ன் (சிறிய எடை அளவு) என்று வைத்தால் 45 பவுண்டு வில்லுக்கு 405 கிரெய்ன், அதாவது 26 கிராம்.

மெருகு

நூறு அம்பாவது எய்த பிறகு மெருகிடுங்கள்; அதற்குள் ஏதாவது திருத்தம் தேவைப்பட்டால் பூச்சு வீணாகாது. 220, 320ஆம் எண் உப்புத்தாள், பிறகு பாலியூரித்தேன் மெல்லிய பூச்சாக நான்கைந்து தடவை. கைப்பிடியில் தோல் சுற்றுவது உங்கள் விருப்பம்.

எய்து முடித்ததும் நாணை இறக்கிவிட்டு, சுவரில் இரண்டு முளை அடித்து வில்லைப் படுக்கையாக அதன்மேல் வையுங்கள். தகடுகளின் கனம், முடிந்த பலம், இரண்டையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த வில்லுக்கு உங்களுக்கு வேண்டிய அட்டவணையின் முதல் வரி அதுதான்.